செட்டிநாட்டில் ரேடியோ, டிவி, யூடியூப்: யார் எதில் இருக்கிறார்கள் என்று அளக்க எந்த வழி?

ஒரே கேள்வியோடு இந்த ஆண்டு மூன்று தரப்பார் என்னிடம் வந்தார்கள். காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முதலில் வந்தார். "உள்ளூர் கேபிள்ல கீழ ஓடுற வரி விளம்பரத்துக்கு மாசாமாசம் பணம் கட்டுறேன். இப்ப யாரு கேபிள் பாக்குறா? யூடியூப்புக்கு மாத்திரலாமா?" அடுத்து, தேவகோட்டைப் பக்கம் சமுதாய வானொலி (ஊருக்கென்று நடத்தும் சின்ன நிலையம்) தொடங்க நினைக்கும் ஒரு குழு. "நம்ம பக்கம் ரேடியோ கேக்குற ஆளு இன்னும் இருக்காங்களா?" கடைசியாக, கோயில் திருவிழாக்களை நேரலையில் காட்டும் இரண்டு தம்பிகள். "வியூஸ் நல்லா வருதுண்ணே. ஆனா ஊருல யாரு பாக்குறாங்கன்னே தெரியல."

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் பல வருடமாக வீடு வீடாகப் படிவம் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். இவர்கள் மூவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வழிகள் நான்கு. விற்பனைக்குக் கிடைக்கும் ரேட்டிங்கை வாங்கலாம். வீட்டுக்குப் போய் 'நேற்று என்ன பார்த்தீர்கள்' என்று கேட்கலாம். ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பு எழுதச் சொல்லலாம். யூடியூப் போன்ற தளங்கள் தாமே தரும் எண்களைப் படிக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

விலையை மட்டும் பார்த்தால் தளங்கள் தரும் எண்தான் ஜெயிக்கும், அது இலவசம். ஆனால் நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, இந்த வழி யாரை விட்டுவிடுகிறது? எல்லா வழியும் யாரையாவது விடும். விடுபடுகிறவர் உங்கள் வாடிக்கையாளரா, உங்கள் நேயரா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, நடந்ததைப் பதிகிறதா, நினைவில் இருப்பதைப் பதிகிறதா? சீரியலை மறக்க மாட்டார்கள். சமைக்கும்போது பின்னால் ஓடிய பாட்டை மறந்துவிடுவார்கள். நினைவை நம்பும் வழிகளில் ரேடியோ எப்போதும் கொஞ்சம் தோற்கும்.

மூன்றாவது, கருவி மாறினாலும் ஆளைத் தொடர முடிகிறதா? ஒரே சீரியலை இரவு டிவியிலும், தவறவிட்டால் மறுநாள் செல்போனிலும் பார்க்கிறார்கள். இதைப் பிடிக்காத வழி 'டிவி குறைந்துவிட்டது' என்று சொல்லும். அதே நிகழ்ச்சியை அதே ஆள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

நான்காவது, அடுத்த ஆண்டும் இதை இதே மாதிரி செய்ய முடியுமா? 'பழக்கம் மாறுகிறதா' என்பது உங்கள் கேள்வி. ஒரு முறை எடுத்த கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. இரண்டாம் முறை கேள்வியையோ ஆள் தேர்வையோ மாற்றிவிட்டால், பழக்கம் மாறியதா அளவுகோல் மாறியதா என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் ஐந்தில் இதற்குத்தான் அதிக மதிப்பெண்.

ஐந்தாவதுதான் செலவு. கையில் இருந்து போகும் காசைவிட, தெரியாமல் போகும் செலவு இந்த வேலையில் அதிகம்.

## அதற்கும் முன்னால்: எது ஒரு வீடு?

செட்டிநாட்டில் வேலை செய்ய வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. மற்ற ஊர்களில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று தட்டிக்கொண்டே போகலாம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ அப்படிப் போனால், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும். அடுத்ததில் காவலுக்கு இருக்கும் குடும்பம் மட்டும் பின்கட்டில் இருக்கும். மூன்றாவதில் பங்காளிகள் நாலு பேருக்குப் பங்கு இருந்தாலும் உலை வைப்பது ஒரு ஆச்சி மட்டும்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பம் என்கிறது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கத்துக்கு இது புதிதில்லை. கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. ஒரே வளவை (உள்முற்றத்தை) சுற்றி இருந்தாலும் கல்யாணமான மகனுக்குத் தனிச் சமையல் என்பது பழைய ஏற்பாடு. அதனால் கதவை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள். ஒரு பெரிய வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று குடும்பம். ஒன்றும் எரியாவிட்டால் 'பூட்டியது' என்று எழுதுங்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டைச் சேர்த்துக்கொள்வது கணக்கெடுப்பவர்கள் எல்லோரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். பொங்கலுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவை எத்தனை என்பதும் உங்கள் கணக்கில் ஒரு பகுதி. உங்கள் விளம்பரம் சேர வேண்டியவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தப் பூட்டு சொல்கிறது.

## வழி 1: ரேட்டிங்கை வாங்குவது

இந்தியாவில் டிவி ரேட்டிங், அதாவது எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, என்றால் பார்க் (BARC). 2010இல் தொடங்கிய அமைப்பு, 2015 முதல் கணக்கு வெளியிடுகிறது. சேனல்களின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று கலக்கப்படுகிறது. வீட்டில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிகிறது. யார் பார்க்கிறார் என்பதற்கு வீட்டில் உள்ளவர் ரிமோட்டில் தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். நினைவைச் சார்ந்திராத கணக்கு என்பது இதன் பெரிய பலம்.

ஆனால் நம் ஊர் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 2020இல் பார்க் மதிப்பிட்ட டிவி வீடுகள் நாடு முழுவதும் 21 கோடி. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மீட்டர் வைத்த வீடுகள் சுமார் 55,000. சராசரியாக 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். 2011 கணக்குப்படி காரைக்குடி நகரத்தின் மக்கள்தொகை 1,06,714. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 27,000 வீடு வரும். சமமாகப் பரப்பினாலும் நகரம் முழுவதற்கும் ஏழு மீட்டர்தான். ஏழு வீட்டை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்த சந்தைக்கென்று வரும் கணக்கு மாநிலம் முழுக்க விளம்பரம் செய்கிறவர்களுக்கு உரியது.

ரேடியோவுக்கு இப்படி ஒரு கணக்கு 2007இல் நாட்குறிப்பு முறையில் தொடங்கியது. அதுவும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்ற நான்கு நகரங்களில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. செய்தி பார்க்கும் பழக்கம் கொரோனா காலத்தில் எப்படி மாறியது என்று பார்க்க நினைக்கும் ஆய்வு மாணவருக்கு நடுவில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளி இருக்கும்.

உள்ளூர் முடிவு எதற்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். மாநில நிலவரம் பின்னணியாக வேண்டுமென்றால், வாராவாரம் வெளியில் வரும் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

## வழி 2: நேற்றைய நாளைக் கேட்பது

நான் அதிகம் நம்புவது இதைத்தான். செட்டிநாட்டில் நன்றாக ஓடுவதும் இதுதான். ஆனால் சரியாகக் கேட்க வேண்டும்.

கண்டனூர்ப் பக்கம் ஓர் ஆச்சியிடம் நடந்த பேச்சு:

"ரேடியோ கேப்பீகளா ஆச்சி?"

"அதெல்லாம் போச்சுப்பா. பெட்டி பரண்ல கெடக்கு."

படிவத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அன்றைக்கு என்னவோ தோன்றி, வேறு மாதிரி கேட்டேன்.

"நேத்துக் காலையில அடுப்படியில நிக்கயில காதுல என்ன விழுந்துச்சு ஆச்சி?"

"செல்லுல திருச்சி வானொலி ஓடுச்சு. மருமக வச்சுக் குடுத்துட்டு வேலைக்குப் போயிருவா. பன்னெண்டு மணி வரைக்கும் அதுபாட்டுக்கு ஓடும்."

1939இலிருந்து ஒலிக்கும் திருச்சி நிலையத்தை ஆகாசவாணியின் செயலி வழியாக நாலு மணி நேரம் கேட்கிறவர், தான் ரேடியோ கேட்பதே இல்லை என்று நம்புகிறார். பொய் சொல்லவில்லை. அவருக்கு ரேடியோ என்றால் அந்தப் பெட்டி. என் அப்பத்தாவுக்கு ரேடியோ என்றாலே சிலோன்தான், எந்த நிலையம் ஓடினாலும் "சிலோன வையி" என்பார். மக்கள் ஒரு பொருளுக்கு வைத்திருக்கும் பெயரும் நம் படிவத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது. ரேடியோ செத்துவிட்டது என்று சொல்லும் பல கணக்குகளில் இந்தப் பிழை ஒளிந்திருக்கிறது.

அதிலிருந்து சாதனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். கடிகாரத்தை வைத்தும் கேட்பதில்லை. நாளின் வேலைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போகிறேன். எழுந்தது, காப்பி, சமையல், பஸ், வேலை, மதியச் சாப்பாடு, விளக்கு வைக்கும் நேரம், ராத்திரிச் சாப்பாடு, படுக்கை. ஒவ்வொன்றிலும் நாலு கட்டம்: என்ன ஓடியது, எதில் ஓடியது, எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள். 'நேற்று' என்பதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 'வழக்கமாக' என்று கேட்டால் தாம் எப்படி இருக்க விரும்புகிறார்களோ அதைச் சொல்வார்கள். எல்லோரும் செய்தி பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

ஒரு குடும்பத்தில் யாரிடம் கேட்பது? கதவைத் திறக்கிறவரிடமே கேட்டால் உங்கள் கணக்கு முழுக்கப் பகலில் வீட்டில் இருப்பவர்களாக இருக்கும். அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம் கேட்பது பாடப்புத்தக முறை. இங்கே வயதானவர்களுக்குத் தேதி தெரியாது. தமிழ் மாதமும் நட்சத்திரமும் தெரியும். "இந்த வீட்டுல அடுத்து வர்ற மாசத்துல பொறந்தது யாரு?" என்று கேட்டால் வேலை நடந்துவிடும். அவர் இல்லையென்றால் இன்னொரு நாள் போக வேண்டும். இந்த மறுநடைதான் இந்த வழியின் முதல் மறைசெலவு.

இரண்டாவது மறைசெலவு, வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். சலூன், தையல் கடை, டீக்கடை, கட்டட வேலை நடக்கும் இடம், டவுன் பஸ் எல்லாம் அப்படித்தான். வீடு வீடாகப் போகும் கணக்கு வேலைக்குப் போன ஆளைச் சாயங்காலம் பிடித்தாலும், பட்டறையில் கேட்டதை அவர் 'கேட்டதாக'வே நினைக்க மாட்டார். 'எங்கே இருந்தீர்கள்' என்ற கட்டம் அதற்காகத்தான். முடிந்தால் பத்துப் பதினைந்து வேலைத்தலங்களுக்கு நேரே போய் என்ன ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பு பஞ்சாயத்து ரேடியோ ஒன்றின் கீழ் ஊரே உட்கார்ந்து கேட்ட காலத்திலும் பெட்டியை எண்ணினால் ஒன்றுதான் வந்திருக்கும்.

தெருவில் நடந்துகொண்டே எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று காதால் குறிக்கும் எளிய முறை ஒன்றும் உண்டு. வரிசை வீடுகளில் அது நன்றாக வரும். முகப்பும் வளவும் தாண்டி இரண்டாம் கட்டில் டிவி இருக்கும் வீட்டில் வாசலுக்கு ஒரு சத்தமும் வராது. அதனால் இங்கே அதைத் தனியாக நம்ப வேண்டாம்.

எத்தனை பேர் வேண்டும்? 100 பேரிடம் கேட்டால் வரும் சதவீதம் 10 புள்ளி மேலே கீழே இருக்கலாம், 400 பேருக்கு 5 புள்ளி, 1,000 பேருக்கு 3 புள்ளி. இதுவும் ஆளைக் குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்திருந்தால்தான். மாற்றத்தை அளக்கும்போது பிழை இன்னும் பெருகும். முதல் ஆண்டு 400 பேர், அடுத்த ஆண்டு வேறு 400 பேர் என்று எடுத்து, ரேடியோ கேட்பவர்கள் 30இலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தால் அதைக் குறைவு என்று சொல்ல முடியாது. இரண்டு சுற்றின் பிழையும் சேர்ந்து சுமார் 6 புள்ளி வந்துவிடும். அதே ஆட்களிடம் திரும்பப் போனால் இந்தப் பிழை கணிசமாகக் குறையும். ஆகவே முதல் சுற்றிலேயே அடுத்த ஆண்டும் வரலாமா என்று கேட்டு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

செலவு: ஒருவர் ஒரு நாளில் எட்டுப் பேரிடம் ஒழுங்காகக் கேட்க முடியும். 200 பேருக்கு 25 ஆள்நாள். நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். பஸ், மறுநடை, படிவம் தனி. பெண்களிடம் கேட்கப் பெண்களையே அனுப்புங்கள். பதில் நீளமாகவும் உண்மையாகவும் வரும்.

போகும் நாளைத் தேர்வதில் இன்னொரு கவனம் வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்பே அறிவிக்கப்படும். அதற்கு மறுநாள் போய் 'நேற்று என்ன பார்த்தீர்கள்' என்று கேட்டால், ஊரே டிவியை விட்டுவிட்ட மாதிரி தெரியும்.

## வழி 3: ஒரு வார நாட்குறிப்பு

அரை மணிக்கு ஒரு கட்டம், ஏழு நாள், ஆளுக்கொரு சின்னப் புத்தகம். பிரிட்டனில் ரேடியோ கணக்கு பல காலம் இப்படித்தான் நடந்தது. விட்டு விட்டுக் கேட்கும் ரேடியோவுக்கு இது ஒரு நாள் நினைவைவிட நல்லது. ஞாயிறும் புதனும் எப்படி வேறுபடுகின்றன என்பதையும் காட்டும்.

இதன் குறை, எழுதுகிறவரின் ஒழுங்கை நம்பியிருப்பது. சில புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருப்பார்கள். பாட்டிக்காகப் பேரன் எழுதியிருந்தால் பாட்டி கேட்டதைவிடப் பேரன் பார்த்ததுதான் அதில் இருக்கும். அமெரிக்காவில் 2007இலிருந்து ரேடியோ நாட்குறிப்புக்குப் பதிலாக உடம்பில் மாட்டிக்கொள்ளும் மீட்டர் வந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: மக்கள் எழுதியதைவிட அதிக நிலையங்களைக் கேட்கிறார்கள், ஒவ்வொன்றிலும் எழுதியதைவிடக் குறைந்த நேரம் இருக்கிறார்கள். நாட்குறிப்பில் பிடித்த நிலையத்தின் பெயர்தான் விழுகிறது. அந்த மாற்றத்தின்போது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்தவர்கள் நேயர்களின் பழக்கமே மாறிவிட்டதாக நினைத்திருக்கலாம்.

புத்தகத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் தினம் இரவு ஒரு குரல் பதிவு கேட்டுப் பாருங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் பேசத் தயங்குவதில்லை. "சாயந்தரம் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், வர்றப்ப ஆட்டோவுல பாட்டு ஓடுச்சு" என்று கட்டத்துக்குள் வராததும் வந்துவிழும். அதைக் கேட்டுக் கட்டத்தில் நிரப்ப உங்களுக்கு ஆள் வேண்டும். ஒரு நிமிடப் பதிவுக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். 50 பேர், 7 நாள் என்றால் 350 பதிவு, கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேர வேலை. செல்போன் இல்லாதவர்கள் விடுபடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: தளங்கள் தரும் எண்கள்

யூடியூப் சேனல் வைத்திருந்தால், பார்த்த நேரம், சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள், புதியவரா திரும்ப வந்தவரா, எந்த நாடு, செல்போனா டிவியா என்பதெல்லாம் காசில்லாமல் கிடைக்கும். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நினைவுப் பிழையும் இல்லை.

நேரலைத் தம்பிகளோடு உட்கார்ந்து அவர்கள் கணக்கைத் திறந்து பார்த்தோம். பார்த்த நேரத்தின் பெரும்பகுதி ஊருக்கு வெளியே. சிங்கப்பூர், மலேசியா, சென்னை. அவர்கள் முகம் வாடிவிட்டது. எனக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் தெரியவில்லை. குடமுழுக்கை நேரலையில் பார்க்க ஆசைப்படுகிறவர், கோயிலுக்கு வரி அனுப்பிவிட்டு ஊருக்கு வர முடியாமல் இருக்கும் புள்ளிதான். ஊரில் இருப்பவர் நேரே போய்விடுவார். பூட்டிய வீட்டுக்காரர்களை எட்டிப் பிடிக்கும் ஒரே வழி இந்த எண்கள்தான். வீடு வீடாகப் போகும் எந்தக் கணக்கும் அவர்களைத் தொடாது.

குறைகளையும் சொல்கிறேன். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஒரே டிவியில் ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் கணக்கில் ஒரு பார்வைதான். செல்போன் இணையம் எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊர்ப் பெயர் விழுவதால், காரைக்குடியில் பார்த்தவர் மதுரையாகவோ சென்னையாகவோ தெரியக்கூடும். இதைவிடப் பெரியது, எண்ணும் முறையைத் தளமே மாற்றிவிடும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில், ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற நிபந்தனை கிடையாது. அன்றைக்கு உங்கள் எண் ஏறியிருந்தால் அதற்கும் நேயருக்கும் சம்பந்தமில்லை. நெட்ஃபிளிக்ஸும் இப்படித்தான். முன்பு இரண்டு நிமிடம் பார்த்தாலே கணக்கு, பிறகு மொத்த மணி நேரம், 2023இலிருந்து மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்த எண். ஆண்டுக்காண்டு ஒப்பிட வேண்டுமென்றால் வியூஸை விட்டுவிட்டுப் பார்த்த நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். அதற்கான விளக்கம் குறைவாகத்தான் மாறுகிறது.

வெளிநாட்டு எண்களைக் கொண்டுவந்து நம் ஊரில் வைப்பதும் ஆபத்து. 2025 மே மாதம் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம், வான்வழி டிவியும் கேபிளும் சேர்ந்தே அதைவிடக் குறைவு என்று அங்கே நேயர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் சொன்னது. அது டிவி திரையில் பார்த்த நேரத்தின் கணக்கு மட்டும். அரசு கேபிள் இணைப்பும் செல்போன் டேட்டாவும் ஒரே வீட்டில் ஓடும் நம் பழக்கத்துக்கும் அதற்கும் ஒட்டாது.

செல்போனில் செயலி போட்டு நேயர்களைப் பின்தொடரலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைத் தொட பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். வீட்டுக்கு ஒரே செல்போனைப் பிள்ளையும் அம்மாவும் மாறி மாறி எடுக்கும் இடத்தில் இது சின்ன வேலை இல்லை. வேண்டாம் என்றேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | எதில் நன்று | யாரை விடும் | மறைசெலவு | திரும்பச் செய்ய |
|---|---|---|---|---|
| ரேட்டிங் வாங்குவது | மாநில அளவு டிவி | ரேடியோ, செல்போன், உங்கள் ஊர் | ஊருக்குப் பொருந்தாத முடிவு | உங்கள் கையில் இல்லை |
| நேற்றைய நாள் | ஊரில் இருப்பவர், எல்லாக் கருவியும் | பூட்டிய வீடு, பின்னணியில் ஓடுவது | மறுநடை, நாள் தேர்வு | எளிது, படிவத்தை மாற்றாவிட்டால் |
| நாட்குறிப்பு | ரேடியோ, வார நாள் வேறுபாடு | எழுதாதவர், பொறுமை இல்லாதவர் | கடைசி நாள் நிரப்பல், பதிவு கேட்கும் நேரம் | அதே ஆட்கள் சம்மதிப்பது கடினம் |
| தள எண்கள் | வெளியூர், வெளிநாட்டு நேயர் | கூட இருந்து பார்ப்பவர், கேபிள், ரேடியோ | எண்ணும் முறை மாறுவது | பார்த்த நேரத்தை வைத்தால் முடியும் |

## யாருக்கு எது?

பலகாரக் கடை அண்ணனுக்கு 100 பேர் போதும். அவருடைய முடிவு நுணுக்கமானது இல்லை. கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரில் நேற்று கேபிள் பார்த்தவர்கள் நூற்றுக்கு 60 பேரா, 20 பேரா என்று தெரிந்தால் போதும், 10 புள்ளி பிழை அதை மாற்றாது. கூடவே, கேபிளில் எந்த நேரம், எந்தச் சேனல் என்றும் கேட்கச் சொன்னேன். உள்ளூர்ச் சேனலில் ஓடும் வரியைப் பெரிய சேனல் பார்ப்பவர் பார்க்க மாட்டார். கடைக்கு வருகிறவர்களிடமே கேட்டுவிடலாமா என்றார். கடைக்கு ஏற்கெனவே வருகிறவருக்கு விளம்பரம் தேவையில்லை, வராதவர் என்ன பார்க்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தீபாவளிக்கு வெளியூருக்குப் பார்சல் போகும் பாதி வியாபாரத்துக்கு மட்டும் யூடியூப் எண்ணைப் பார்க்கட்டும்.

நேரலைத் தம்பிகளுக்கு நான்காம் வழியே போதும். வீடு வீடாகப் போய்ச் செலவழிக்க வேண்டாம். நாடு வாரியாகப் பார்த்த நேரத்தை மாதம் ஒரு முறை நோட்டில் எழுதி வைத்தால் இரண்டு ஆண்டில் ஒரு நல்ல கணக்கு கிடைக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கின்றன. இங்கே இரவு பத்து மணிப் புறப்பாடு அங்கே பன்னிரண்டரை. இரவு ஊர்வலத்தின் எண் குறைந்தால் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதிக வேலை வானொலிக் குழுவுக்குத்தான். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் 100 வாட், ஏறக்குறைய பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம்வரை கேட்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களை மட்டும் எடுத்து, 400 பேரிடம் நேற்றைய நாளைக் கேட்க வேண்டும். அதில் ரேடியோவை எந்தக் கருவியிலாவது கேட்டவர்களில் 40 பேரிடம் ஒரு வாரக் குரல் பதிவு வாங்க வேண்டும். பட்டறைகளையும் கடைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொரு காரணத்தால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை தனியார் எஃப்எம் ஏலத்துக்கு ஒப்புதல் தந்த 234 புதிய நகரங்களில் காரைக்குடியும் புதுக்கோட்டையும் உண்டு. தனியார் நிலையம் ஒன்று ஒலிக்கத் தொடங்கிய பிறகு முதல் கணக்கை எடுத்தால், அதற்கு முன் ஊர் எப்படிக் கேட்டது என்பதை அப்புறம் யாராலும் எடுத்துத் தர முடியாது.

ஆய்வு மாணவர்களுக்கு: என் பழைய வேலை ஒன்றில் முதல் சுற்றில் 'எந்தச் சேனல்' என்றும், இரண்டாம் சுற்றில் 'எந்த நிகழ்ச்சி' என்றும் கேட்டிருந்தோம். இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட முடியாமல் போனது, எனக்கு இன்னும் வலிக்கிறது. புதுக் கேள்வி வேண்டுமென்றால் படிவத்தின் கடைசியில் சேருங்கள், பழையதை எடுக்காதீர்கள்.

எந்த மாதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தையில் பொங்கலும் கல்யாணமும் பழனிப் பாதயாத்திரையும், பங்குனி சித்திரையில் பரீட்சையும் ஐபிஎல்லும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, விருந்தாளி இல்லை, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கும். அம்மன் கோயில் ஒலிபெருக்கி மட்டும்தான் தொந்தரவு. கூழ் ஊற்றும் நாளை விட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும்.

தேவகோட்டைக் குழு இந்த ஆடியில் முதல் சுற்றை முடித்துவிட்டது. படிவக் கட்டில் பூட்டிய வீடுகள் 'பூட்டியது' என்றே இருக்கின்றன, ஒன்றுக்கும் பதில் வீடு சேர்க்கவில்லை. அடுத்த ஆடியில் அந்தக் கதவுகளையும் மறுபடி தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.